ஊருக்குப் போனா அமெரிக்க லைப்ரரி புக் கிண்டில்ல வருமா?

கேட்டவங்க நியூ ஜெர்சில இருக்காங்க. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், அதனால அஞ்சு மாசம் கும்பகோணத்துல போய் இருக்கப் போறாங்க. லிப்பி ஆப்ல கவுன்ட்டி லைப்ரரி புக் எடுத்து அமேசானோட இ-புக் ரீடரான கிண்டில் பேப்பர்வொயிட்ல படிச்சே பழகிட்டாங்களாம். அங்க போனா இது வேலை செய்யுமா, அமெரிக்காவுலயே இருக்கற மாதிரி நெட்ல காட்டற விபிஎன் போடணுமா, கார்டு என்ன ஆகும், பேசாம கிண்டில் மாதிரியே இன்னொரு கம்பெனி இ-புக் ரீடரான கோபோ ஒண்ணு வாங்கிட்டுப் போயிடட்டுமா, அம்மா படிக்கத் தமிழ்ல எதாவது போட்டுக் குடுக்க முடியுமா, இவ்வளவும் ஒரே மூச்சுல கேட்டிருக்காங்க.

வேலை செய்யும், விபிஎன்லாம் வேணாம். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வேலை இருக்கு, அதை அங்க போய் இறங்கினதுக்கப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டீங்கன்னா தலைகீழா நின்னாலும் நடக்காது. நான் இங்க ஒரு லைப்ரரில ஆறு வருஷம் பார்ட் டைமா உட்கார்ந்திருந்தேன், இ-புக் சந்தேகம்னு யார் வந்தாலும் என் டேபிளுக்குத்தான் அனுப்புவாங்க, அதுல நம்ம ஊர் ஆளுங்க டிசம்பர் வந்தா வரிசையா இதே கேள்வியோட வருவாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல இந்த விஷயம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். லிப்பிங்கறது ஓவர்டிரைவ்னு ஒஹையோ மாநிலத்துக் கம்பெனியோட ஆப், 2017-ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி இருந்த ஓவர்டிரைவ் ஆப்பை 2023-ல மூடிட்டாங்க. உங்க கார்டு நம்பரை லிப்பிகிட்ட குடுக்கறீங்க, அது உங்க லைப்ரரிகிட்ட இவங்க நம்ம மெம்பரான்னு கேக்குது, ஆமான்னா புக்கை உங்க பேர்ல எழுதிக்குது. அப்புறம் நீங்க கிண்டில்ல படிக்கறேன்னு அமுக்கினா அமேசான் பக்கம் திறக்கும், அங்க எந்த கிண்டிலுக்குன்னு தேர்ந்தெடுத்து எடுத்துக்கறீங்க, வைஃபை கிடைச்சதும் புக் வந்து இறங்குது. இதுல நீங்க எந்த ஊர்ல நிக்கறீங்கன்னு பொதுவா யாரும் பாக்கறதில்ல. பதிப்பகம் குடுத்த உரிமையால ஒண்ணு ரெண்டு புக் மட்டும் வெளிநாட்டுல இருந்து எடுக்க விடாது, அப்படி வந்தா வேற புக் எடுத்துட்டுப் போங்க, அதுக்காக மெனக்கெடாதீங்க. ஹூப்லான்னு லைப்ரரி புக் எடுக்கற இன்னொரு ஆப் இருக்கு, அது மட்டும் வேற ரகம், அது நீங்க இருக்கற நாட்டைப் பாக்கும், கும்பகோணத்துல உட்கார்ந்து அதுல புதுசா எடுக்கலாம்னு நினைக்காதீங்க. அது எப்படியும் உங்க பேப்பர்வொயிட்ல வராது, அதனால நஷ்டம் இல்ல.

இப்ப முக்கியமான இடம். லைப்ரரி புக் கிண்டில்ல வர்றது அமெரிக்க லைப்ரரிகளுக்கு மட்டும்தான். 2011 செப்டம்பர்ல 11,000-க்கு மேல லைப்ரரிகளோட இதை ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் கனடால, இங்கிலாந்துல, சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு அவங்க ஊர் லைப்ரரி புக் கிண்டில்ல கிடையாது. அமெரிக்கக் கார்டு இருந்தா மட்டும் போதாது, உங்க அமேசான் அக்கவுன்ட்டும் அமெரிக்க அக்கவுன்ட்டா இருக்கணும். நீங்க எங்க இருக்கீங்கன்னு பாக்காத சிஸ்டம், உங்க அக்கவுன்ட் எந்த நாடுன்னு கண்டிப்பா பாக்கும். எல்லாரும் கவுந்து விழற இடம் இதுதான்.

எப்படி விழறாங்கன்னா, ஊருக்குப் போய் ஒரு வாரத்துல ரூபாயில தமிழ் புக் வாங்கலாமேன்னு ஆசை வரும், மாசக் கட்டணம் கட்டிப் படிக்கற கிண்டில் அன்லிமிட்டெட்ல தமிழ் கொட்டிக் கிடக்குதுன்னு தம்பி சொல்லுவான், அமேசானும் இந்தியா ஸ்டோருக்கு மாறிக்கோங்களேன்னு ஒரு பட்டனைக் காட்டும், நம்மாளு அமுக்கிடுவாரு. அவ்வளவுதான். அடுத்த தடவை லிப்பில இருந்து கிண்டிலுக்கு அனுப்பறப்போ இந்த அக்கவுன்ட்டுக்கு இது கிடையாதுன்னு வந்து நிக்கும். எங்க டேபிளுக்கு வர்ற ஒரு மாமா, நல்லா படிக்கறவரு, வாரத்துக்கு ரெண்டு புக் முடிப்பாரு, மதுரைக்குப் போன ஒரு குளிர்காலம் முழுக்க இப்படித்தான் ஒண்ணுமே படிக்காம திரும்பி வந்தாரு, கிண்டில் ரிப்பேர்னு நினைச்சுட்டு அதை ரெண்டு தடவை ரீசெட் வேற பண்ணிட்டாரு, எடுத்து வெச்சிருந்ததும் போச்சு. வந்து என்கிட்ட காட்டினப்போ செட்டிங்ல நாடுன்னு இருந்த இடத்துல இந்தியா. அதை மாத்தினதும் சரியாயிடுச்சு, அவரு முகத்தைப் பாக்கணுமே. அதனால அந்த கன்ட்ரி செட்டிங்கைத் தொடவே தொடாதீங்க. ரூபாயில தமிழ் புக் வேணும்னா வேற ஈமெயில்ல தனியா ஒரு இந்திய அக்கவுன்ட் ஆரம்பிச்சு போன்ல இருக்கற கிண்டில் ஆப்ல அதைப் போட்டுக்கோங்க, பேப்பர்வொயிட் அமெரிக்க அக்கவுன்ட்லயே இருக்கட்டும். ஈமெயில் வேறயா இருக்கணும்கறது முக்கியம், ஒரே ஈமெயிலை ரெண்டு பக்கமும் போட்டா குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்தது ஓடிபி. இதை யாரும் யோசிக்கவே மாட்டாங்க. ஊர்ல போய் அமெரிக்க சிம்மைக் கழட்டி டப்பால வெச்சுட்டு லோக்கல் சிம் போடுவீங்க, அன்னிக்குன்னு பாத்து அமேசான் நீங்கதானான்னு சந்தேகப்பட்டு கோடு அனுப்பும், எங்க, உங்க அமெரிக்க நம்பருக்கு. நானே திருச்சில ஒரு தடவை இப்படி மாட்டிக்கிட்டு முழிச்சேன், தப்பு என் மேலதான், எல்லாத்துக்கும் ஒரே நம்பரைக் குடுத்து வெச்சிருந்தேன். இப்பவே அமேசான் அக்கவுன்ட்ல போய் எஸ்எம்எஸ் இல்லாம போன்லயே கோடு காட்டற அதென்டிகேட்டர் ஆப்பைச் சேத்துடுங்க, ஈமெயிலும் சரியா இருக்கான்னு பாருங்க. லிப்பில பாஸ்வேர்டெல்லாம் கிடையாது, கார்டு நம்பரும் பின் நம்பரும்தான், ஆனா போன் தொலைஞ்சா அந்த ரெண்டும் உங்களுக்கு மனப்பாடமா இருக்கணும், இல்லன்னா எங்கேயாவது எழுதி வெச்சிருக்கணும். கார்டை போட்டோ எடுத்து அனுப்பி வெச்சுக்கோங்க. எடுத்த புக்கு, ஹோல்டு (அதாவது புக்குக்காக க்யூல பேர் போட்டு வெக்கறது) எல்லாம் கார்டோட ஒட்டினது, புது போன்ல அதே கார்டைப் போட்டா எல்லாம் திரும்ப வந்துடும்.

கார்டுன்னதும் ஞாபகம் வருது, அதோட காலாவதித் தேதியைப் பாத்தீங்களா? நிறைய லைப்ரரில கார்டு ஒரு வருஷமோ ரெண்டு மூணு வருஷமோதான், முடிஞ்சா அட்ரஸ் ப்ரூஃப் காட்டிப் புதுப்பிக்கணும், சில இடத்துல நேர்லயே வரச் சொல்லுவாங்க. அஞ்சு மாசத்துக்குள்ள முடியற கார்டுன்னா போறதுக்கு முன்னாடி கவுன்டர்ல போய் நான் இவ்வளவு நாள் இருக்க மாட்டேன், இப்பவே நீட்டிக் குடுங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் முகம் சுளிக்காம பண்ணிக் குடுப்பாங்க. நானெல்லாம் பண்ணியிருக்கேன். இன்னொண்ணு, நீங்க வேலைக்கு மன்ஹாட்டன் போறதா எழுதியிருக்கீங்க, அப்போ நியூயார்க் பப்ளிக் லைப்ரரி கார்டுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு, நியூயார்க் மாநிலத்துல குடியிருந்தாலோ, வேலை பாத்தாலோ, படிச்சாலோ, சொத்து வரி கட்டினாலோ போதும், இலவசம். லிப்பில எத்தனை கார்டு வேணா சேத்துக்கலாம். கவுன்ட்டில இருபது வாரம் காத்திருக்கணும்னு காட்டற புக்கு அங்க சீக்கிரம் கிடைக்கும், சில சமயம் உல்டாவாவும் இருக்கும், ரெண்டுலயும் தேடுங்க.

காத்திருக்கறதைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா டேபிள்ல என்னை அதிகமா திட்டினது இதுக்குத்தான். இ-புக் வெறும் ஃபைல்தானே, காப்பி போட்டு எல்லாருக்கும் குடுக்க வேண்டியதுதானே, ரேஷன் கடைல மண்ணெண்ணெய்க்கு நிக்கற மாதிரி ஏன் நிக்க வெக்கறீங்கன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. விஷயம் என்னன்னா காகித புக்கு லைப்ரரிக்கு சொந்த வீடு மாதிரி, வாங்கினா கிழியற வரைக்கும் அவங்களோடது. இ-புக்கு குத்தகை. ஒரு லைசென்ஸ் வாங்கினா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் படிக்கலாம், அதுவும் பல பதிப்பகத்தோடது ரெண்டு வருஷத்துல முடிஞ்சுடும், திரும்பக் காசு குடுத்து வாங்கணும், அதுவும் கடைல நமக்கு விக்கற விலைக்குக் கிடையாது, பல மடங்கு. ஹார்ப்பர்காலின்ஸ் 2011-ல 26 தடவை கடன் குடுத்தா அந்த காப்பி செத்துடும்னு ஒரு விதி போட்டாங்க, லைப்ரரிக்காரங்க கொதிச்சுப் போனாங்க. மேக்மில்லன் 2019 நவம்பர்ல இன்னும் ஒரு படி மேல போய், புது புக்கு வெளிவந்து முதல் எட்டு வாரத்துக்கு எவ்வளவு பெரிய லைப்ரரியா இருந்தாலும் ஒரே ஒரு இ-புக் காப்பிதான்னு சொன்னாங்க, ஊரே சேந்து புறக்கணிச்சது, 2020 மார்ச்ல அதைக் கைவிட்டுட்டாங்க. இவ்வளவுக்கும் நடுவுலதான் உங்க பேரு க்யூல நகந்து வருது.

அதனால நீங்க பண்ண வேண்டியது, கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஹோல்டு போட ஆரம்பிங்க, ஆனா எல்லாம் ஒரே வாரத்துல வந்து குவியாம பாத்துக்கோங்க. உங்க முறை வந்தா எடுத்துக்கப் பொதுவா மூணு நாள்தான் டைம், ஆஸ்பத்திரில அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கறப்போ அந்த நோட்டிஃபிகேஷன் வந்து போயிடும். லிப்பில ஹோல்டைத் தள்ளிப் போடற வசதி இருக்கு, இத்தனை நாள் கழிச்சுக் குடுன்னு சொல்லலாம், க்யூல உங்க இடம் போகாது. ஆபரேஷன் நடக்கற ரெண்டு வாரத்துக்கு எல்லாத்தையும் அப்படித் தள்ளி வெச்சுடுங்க. எடுத்த புக்கு லைப்ரரியப் பொறுத்து 7, 14 இல்ல 21 நாள், எடுக்கறப்பவே அதிகபட்ச நாளை வெச்சுக்கற மாதிரி செட்டிங் இருக்கு பாருங்க. முடியறதுக்கு மூணு நாள் முன்னாடி, வேற யாரும் கேக்கலன்னா, புதுப்பிக்கலாம். லேட் ஃபைன் கிடையவே கிடையாது, தேதி வந்தா தானா போயிடும்.

தானா போயிடும்னா, ஏரோப்ளேன் மோடுல போட்டு வெச்சா போகாதாமேன்னு அடுத்து கேப்பீங்க, எல்லாரும் கேப்பாங்க. உண்மைதான், கிண்டில் வைஃபையைத் தொடாத வரைக்கும் தேதி முடிஞ்ச புக்கு அதுக்குள்ளயே இருக்கும், வைஃபை போட்டதும் மறைஞ்சுடும். இது திருட்டான்னா, லைப்ரரி கணக்குல அந்த தேதியிலயே உங்க கடன் முடிஞ்சு லைசென்ஸ் அடுத்தவங்களுக்குப் போயிடுது, நீங்க வெச்சிருக்கறதால யாரும் காத்திருக்கல. இருந்தாலும் உங்க பேர்ல ஒரு வாரம் கூடுதலா ஓட்டறதுக்கும் இதையே தொழிலா வெச்சுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அது உங்க மனசாட்சிக்கு விட்டுட்டேன். இதுல ஒரு கஷ்டம், வைஃபை அணைச்சே வெச்சிருந்தா புதுசா எடுத்த புக்கும் இறங்காது. முன்னாடி கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணி யூஎஸ்பி வழியா ஏத்தற வழி இருந்துச்சு, 2025 பிப்ரவரி 26-ஓட அமேசான் அதை எடுத்துட்டாங்க. அதனால ஃப்ளைட் ஏறறதுக்கு முந்தின நாள் நாலஞ்சு புக்கு ஒண்ணா எடுத்து, வைஃபைல எல்லாம் முழுசா இறங்கினதைத் திறந்து பாத்துட்டு அப்புறம் அணைங்க, வெறும் அட்டை மட்டும் தெரிஞ்சா இறங்கிடுச்சுன்னு நம்பிடாதீங்க.

ஊர்ல வைஃபை பத்திக் கவலை வேணாம், ஒரு புக்கு ரெண்டு மூணு எம்பிதான், போன் ஹாட்ஸ்பாட்டே போதும். ஆனா பழைய கிண்டில்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஐபோன் ஹாட்ஸ்பாட் கிண்டில்ல காட்டவே மாட்டேங்குதுன்னா போன் செட்டிங்ல மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டின்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. லாட்ஜு, ஏர்போர்ட்டுல போன் நம்பர் கேக்கற வைஃபையோட கிண்டிலை வெச்சு மல்லுக்கட்டாதீங்க, ஹாட்ஸ்பாட்டே போடுங்க.

கோபோ விஷயத்துக்கு வர்றேன். நல்ல மெஷின், நான் குறை சொல்ல மாட்டேன், 2016-ல வந்த ஆரா ஒன் மாடல்ல இருந்து ஓவர்டிரைவ் உள்ளயே இருக்கு, மெஷின்லயே தேடி மெஷின்லயே எடுத்துக்கலாம், அமேசான் பக்கமே போக வேணாம். உங்க அக்கா கனடாவிலயோ லண்டன்லயோ இருந்து இதே கேள்வியக் கேட்டிருந்தா கண்ணை மூடிட்டு கோபோன்னு சொல்லியிருப்பேன், அவங்களுக்குக் கிண்டில் வழி கிடையாதே. கோபோல இன்னொரு வழியும் உண்டு, கம்ப்யூட்டர்ல லிப்பியத் திறந்து ஏசிஎஸ்எம்னு ஒரு குட்டி ஃபைலை இறக்கி, அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ்ல திறந்து, கேபிள் போட்டு ஏத்தலாம், ஒரு அடோபி ஐடிய ஆறு மெஷின்ல போடலாம். சுத்தி வளைச்ச வேலை, ஆனா நெட் சரியில்லாத ஊர்ல கைகுடுக்கும். ஆன்ட்ராய்டு ஓடற பூக்ஸ் மாதிரி ரீடர்னா லிப்பி ஆப்பையே போட்டுக்கலாம். ஆனா உங்ககிட்ட ஓடற பேப்பர்வொயிட்டும் அமெரிக்க அக்கவுன்ட்டும் இருக்கறப்போ அஞ்சு மாசத்துக்காக இன்னொரு மெஷின் வாங்கறது எனக்கு வீண் செலவாத்தான் படுது, அதுவும் ஊருக்குப் போறதுக்கு முந்தின வாரம் புது மெஷின் வாங்கிப் பழகறதெல்லாம் வேணாம். ஒரு விதிவிலக்கு, லிப்பில சில புக்குல கிண்டில்னு ஆப்ஷனே இருக்காது, இபப்னு பொதுவான இ-புக் ஃபைல் வகை மட்டும்தான், பத்திரிகைங்களும் கிண்டிலுக்குப் போகாது, அதெல்லாம் போன்லயே படிச்சுக்கோங்க.

நீங்க கேக்கல, ஆனா அங்க போனதும் யாராவது கேப்பாங்க, அக்கா உங்க கார்டு நம்பரைக் குடுங்க நானும் படிக்கறேன்னு. குடுக்காதீங்க. கஞ்சத்தனம் இல்ல, அந்த லைப்ரரி உங்க கவுன்ட்டிக்காரங்க கட்டற சொத்து வரில ஓடுது, ஒவ்வொரு கடனும் அந்த 26-ல ஒண்ணோ ரெண்டு வருஷத்துல ஒரு பங்கோ தின்னுது, உங்க ஹோல்டு கணக்கும் அதுலயே போகும். நம்ம ஊர்லயும் அதே கதைதானே, 1948 நூலகச் சட்டத்துல இருந்து வீட்டு வரியோட நூலக வரின்னு சேத்துத்தான் வாங்கறாங்க, இப்ப அது 10 சதவீதம், அப்பாவோட வரி ரசீது இருந்தா எடுத்துப் பாருங்க இருக்கும். அந்தத் தம்பிய மதுரையில 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகச் சொல்லுங்க, இல்ல சென்னைல அண்ணா நூற்றாண்டு நூலகம்.

கடைசியா அம்மாவுக்குத் தமிழ். அமெரிக்க கவுன்ட்டி லைப்ரரி லிப்பில தமிழ்னு தேடினா கை விரல்ல எண்ணிடலாம், சிங்கப்பூர் தேசிய நூலகக் கார்டு இருக்கறவங்க இதுல கொடுத்து வெச்சவங்க, அங்க தமிழ் அரசு மொழிங்கறதால லிப்பில தமிழுக்குன்னே அடுக்கு இருக்கு. நமக்கு வேற வழி. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்துல நூத்துக்கணக்குல கிடக்கு, இபப்பாவே தர்றாங்க, கூடவே ஆறு இஞ்ச் ஸ்க்ரீனுக்குன்னே அளந்த பிடிஎஃப்பும் உண்டு. மதுரைத் திட்டம்னு ஒரு தளம், 1998 பொங்கல்ல ஆரம்பிச்சது, பழைய இலக்கியம்னா அங்க போங்க. இலங்கைத் தமிழ் எழுத்து வேணும்னா நூலகம் தளம், ஆனா அது பெரும்பாலும் ஸ்கேன் பண்ண பக்கங்க, சின்ன ஸ்க்ரீன்ல கண்ணு போயிடும், டேப்லெட்ல பாருங்க. இபப்பை இறக்கி அமேசானோட சென்ட் டு கிண்டில் வழியா அனுப்பினா வந்துடும், மோபின்னு பழைய கிண்டில் ஃபைல் வகை இருந்தா எடுக்காதீங்க, அதை இப்ப அந்த வழியில ஏத்துக்கறதில்ல. எழுத்து பெருசு பண்றது இபப்லதான் ஒழுங்கா நடக்கும், பிடிஎஃப்ல பெருசு பண்ணா வரி ஓரத்துல போயிடும், அம்மா ரெண்டு பக்கம் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க. நீங்க படிக்கறதுல அவங்க பக்கம் குழம்பாம இருக்கணும்னா அவங்களுக்குன்னு தனியா ஒரு கலெக்ஷன் போட்டு வெச்சுடுங்க.

உங்க பேப்பர்வொயிட் 2021-க்கு முந்தினதுன்னா சார்ஜிங் பின் பழைய மைக்ரோ யூஎஸ்பி, இப்ப வீட்ல இருக்கற கேபிள் எதுவும் பொருந்தாது, பேட்டரி வாரக்கணக்குல நிக்கும்னு மெத்தனமா இருந்துட்டு அங்க போய்த் தேடாம அந்தக் கேபிளை இன்னிக்கே எடுத்து பாஸ்போர்ட் பையில போட்டுடுங்க.